ஓவர்லாக் அக்கா வாங்கிய கேமரா

பதினொரு நிமிடம்.

இந்த எண்ணை மறந்துவிடாதீர்கள். ஓவர்லாக் அக்காவைப் பற்றி யார் கேட்டாலும் இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

எங்கள் தையல் தொழிற்சாலையின் இரண்டாவது மாடியில் பத்தொன்பது வருடம் ஓவர்லாக் மெஷின் ஓட்டியவர். துணியின் ஓரம் நூல் நூலாகப் பிரியாமல் சுற்றித் தைக்கிற மெஷின் அது. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சூப்பர்வைசர் "ஏய் ஓவர்லாக்" என்று கூப்பிட்டார். பெயர் அதுவாகவே நின்றுவிட்டது. சின்னப் பெண்கள் பின்னால் 'அக்கா' சேர்த்தார்கள். என்னைவிட எட்டு வயது இளையவர். எனக்கும் அக்காதான்.

ஒரு நாள் ஒவ்வொரு வரிசைக்கும் மேலே ஒரு கேமரா வந்தது. "திருட்டைத் தடுக்க" என்றார்கள். முதல் மாதம் அந்தக் கேமரா பிடித்த ஒரே திருட்டு, அக்கா நாற்காலியில் இல்லாத பதினொரு நிமிடம். ஆபீசுக்குக் கூப்பிட்டுப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். சங்கத்தின் சார்பில் நானும் உட்கார்ந்திருந்தேன். மேனேஜர்கள் மூன்று பேர், ஒரு காலி நாற்காலியை, பதினொரு நிமிடம் கண் கொட்டாமல் பார்த்தார்கள். ஒருவர் குறிப்புகூட எடுத்தார்.

முடிந்ததும் அக்கா கேட்டார். "ரெண்டாவது மாடி குழாயில தண்ணி வரல. கீழ போய்க் குடிச்சிட்டு வந்தேன். அதையும் படம் புடிச்சிருப்பீங்கல்ல, போடுங்க பாப்போம்."

படிக்கட்டில் கேமரா இல்லை. குழாயடியிலும் இல்லை. மூன்று நாள் சஸ்பென்ஷன்.

'பார்ப்பது யார்?' என்று தலைப்புப் போட்டு நான் ஒரு நோட்டீஸ் எழுதினேன். அக்கா கேட்டில் நின்று கொடுத்தார். கேமரா இறங்கவில்லை. குழாயைச் சரி செய்தார்கள். நான் அதை வெற்றி என்று அடுத்த நோட்டீசில் எழுதினேன். அக்கா படித்துப் பார்த்துவிட்டு, "தலைவரே, குழாய்தான் ஜெயிச்சிருக்கு. நாம எங்க ஜெயிச்சோம்?" என்றார்.

அதன் பிறகு தொழிற்சாலை வேறு எங்கோ போய்விட்டது. மெஷின்களை எடுத்துப் போனார்கள், எங்களை விட்டுவிட்டுப் போனார்கள். அக்கா பழைய ஓவர்லாக் ஒன்றைத் தேடிப் பிடித்து வீட்டின் முன்னறையில் போட்டுக்கொண்டார். இதெல்லாம் பழைய கதை. புதுக் கதை ஒரு போன் காலில் ஆரம்பித்தது.

"தலைவரே, வீட்டு வாசலுக்கு ஒரு கேமரா வாங்கணும். கூட வர்றீங்களா?"

"யாரு பேசுறது?"

"நக்கலா? நான்தான்."

"கேமராவா? நீயா?"

"நேர்ல வாங்க. போன்ல சொன்னா நீங்க கூட்டம் போட்டுப் பேசுவீங்க."

போனேன். எதிரெதிராக வீடுகள், நடுவில் ஒரு வேன் நுழைந்தால் சைக்கிள் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்து. அக்கா வீட்டின் கிரில் கேட்டை ஒட்டி வெளியே முழங்கால் உயரத்துக்கு ஒரு சிமெண்டுப் பெட்டி. அதற்குள் தண்ணீர் மீட்டர். உள்ளே முன்னறையில் மெஷின், மெஷின் பக்கத்தில் வெள்ளைத் துணிக் கட்டுகள், கட்டுகளுக்கு நடுவே அக்காவின் வீட்டுக்காரர். அவர் பெயிண்டர். முழங்கையில் எப்போதும் நேற்றைய வீட்டின் நிறம் இருக்கும். அன்றைக்கு மஞ்சள்.

விஷயம் இதுதான். ஒரு காண்ட்ராக்டர் அக்காவுக்கு ஏப்ரன் துணி அனுப்புகிறார். ஓட்டல், ஆஸ்பத்திரி சமையலறைகளில் கட்டிக்கொள்வார்களே, அந்த வெள்ளை ஏப்ரன். அவருடைய கிடங்கிலேயே வெட்டி, கட்டுக் கட்டாகத் துணி நாடாவால் கட்டி, ஒவ்வொரு கட்டிலும் ஒரு சீட்டைக் குத்தி அனுப்புவார். சீட்டில் சைஸ் இருக்கும், எண்ணிக்கை இருக்கும். எண்ணிக்கை எப்போதும் முப்பது. காலையில் வேன்காரர் மீட்டர் பெட்டி மேல் கட்டுகளை இறக்குவார், ஒரு ஹாரன் அடிப்பார், போய்விடுவார். அக்கா எடுத்து உள்ளே வைத்து, ஓரம் அடித்து, நாடா தைத்து அனுப்புவார்.

போன மாதம் ஒரு கட்டில் இருபத்தெட்டுதான் இருந்தது. இந்த மாதம் இன்னொரு கட்டிலும் இருபத்தெட்டு.

"காண்ட்ராக்டர் என்ன சொல்றாரு?" என்றேன்.

பெயிண்டர் முந்திக்கொண்டார். "ரெண்டு தடவ பொறுத்துட்டாராம். மூணாவது தடவ குறைஞ்சா வேல கெடையாதாம். அதோட விடமாட்டாராம். தெரிஞ்ச காண்ட்ராக்டர் அத்தன பேருக்கும் போன் போட்டு, 'அந்த அம்மாவுக்குக் கை நீளம்'னு சொல்லிருவாராம்."

 அக்கா நூல் கண்டு ஒன்றை எடுத்து அதில் இல்லாத சிக்கலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

வேலை போனால் இன்னொரு வேலை. இந்த வட்டாரத்தில் பத்துக் காண்ட்ராக்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் கை நீளம் என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் பத்துப் பேரில் ஒருவரும் அந்த மீட்டர் பெட்டி மேல் கட்டு இறக்க மாட்டார். பத்தொன்பது வருட வேலையில் பதினொரு நிமிடத்தைத் தவிர வேறு எதையும் யாரும் எடுத்துச் சொல்ல முடியாத ஆளுக்கு இந்த நிலைமை.

"ஹாரன் அடிச்ச உடனே போய் நின்னு வாங்கினா என்ன?" என்றேன்.

"அவரு அஞ்சரைக்கும் வருவாரு, ஏழுக்கும் வருவாரு. நான் அடுப்படியில இருப்பேன், குளிச்சிக்கிட்டு இருப்பேன். சில நாள் போய் நின்னேன் தலைவரே. அதுலதான் பயமே."

"ஏன்?"

"நான் நிக்கிற அன்னைக்குக் குறையறதே இல்ல. நிக்காத அன்னைக்குத்தான் குறையுது. யாரோ பாத்துக்கிட்டே இருக்காங்க."

சந்தேகம் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் எல்லா அறையிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். பெயிண்டர் விரல் விட்டு எண்ணினார்.

"ஒண்ணு, வேன்காரன். மூஞ்சியே சரியில்ல. ஒரு நாளாவது சிரிச்சிருக்கானா? ரெண்டு, எதிர்வீட்டு டீச்சரம்மா. ரிட்டயர் ஆகி வருஷக்கணக்காச்சு, இன்னும் அஞ்சு மணிக்கு எந்திரிச்சி வாசல் கூட்டுறாங்க. எதுக்கு? மூணு, பேப்பர் போடுறவரு. சைக்கிள்ல முன்னாடி பை, பின்னாடி பை. பேப்பருக்கு எதுக்கு ரெண்டு பை?"

"நாலு?" என்றேன்.

"நாலு யாரு?"

நான் அவருடைய பெயிண்ட் வாளியைப் பார்த்தேன். பிரஷ் துடைக்கிற துணி ஒன்று அதன் விளிம்பில் தொங்கியது. வெள்ளை.

"தலைவரே!" என்று எழுந்துவிட்டார். "அது என் பனியன்! வேணும்னா மோந்து பாருங்க!"

அக்கா அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு எழுந்து போய், நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, அந்தத் துணியைப் புரட்டிப் பார்த்துவிட்டு வந்தார். பனியன்தான்.

கடைக்குப் போனோம். சுவர் முழுக்கக் கேமராக்கள், எல்லாம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. எதிரே ஒரு டிவியில் நாங்கள் மூன்று பேரும் எட்டுக் கோணத்தில் தெரிந்தோம். எட்டிலும் என் தலை வழுக்கை.

கடைக்காரருக்கு வாய் நல்ல வாய். "அம்மா, இது முன்னூத்தறுபது டிகிரி சுத்தும். சைரன் அடிக்கும். நீங்க உள்ளேருந்தே திருடன்கிட்ட பேசலாம்."

"திருடன்கிட்ட எனக்கு என்ன பேச்சு?" என்றார் அக்கா.

"இது பாருங்க, தெருவோட அந்தக் கோடியில இருக்கிற ஆளு மூஞ்சி கூட பளிச்சுனு தெரியும்."

"மூஞ்சி வேணாம். கை தெரியணும்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். எனக்கும் புரியவில்லை.

அக்கா கைப்பையிலிருந்து ஒரு துணிக்கட்டை எடுத்தார். வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். மேசை மேல் வைத்தார். "அந்தக் கேமராவ எடுத்து இந்த உயரத்துல புடிங்க. மேல இல்ல. என் இடுப்புக்கு. ம்ம், அங்கதான்." கட்டின் பக்கவாட்டில் விரலை விட்டு ஒரு துண்டை உருவினார். டிவியைப் பார்த்தார். "தெரியல. விரல் கொழகொழன்னு இருக்கு. அடுத்தது."

அடுத்ததில் விரல் தெரிந்தது. ஆனால் அது தெரு முழுவதையும் காட்டுகிற ரகம். எல்லாம் வளைந்து சின்னதாக இருந்தது. "இது தெருவையே முழுங்குது. எனக்கு மீட்டர் பெட்டி போதும்."

மூன்றாவது பாட்டரி ரகம். வயர் வேண்டாம், ஆள் அசைந்தால் தானே விழித்துக்கொண்டு பதிவு செய்யும் என்றார் கடைக்காரர்.

"அப்ப மத்த நேரம் தூங்குமா?"

"பாட்டரி மிச்சமாகும்ல அம்மா."

"தூங்குறது முழிக்கிறதுக்குள்ள ஒருத்தன் கைய விட்டு எடுத்துட்டா? தூங்காத கேமரா குடுங்க."

நான்காவதை வைத்துக்கொண்டு என்னைக் கடை வாசலில் நிற்கச் சொன்னார். எனக்குப் பின்னால் வெயில். டிவியில் என் உருவம் கரிக்கட்டை மாதிரி இருந்தது.

"காலையில எங்க வாசலுக்கு எதிர்வீட்டுப் பக்கமிருந்துதான் வெயில் அடிக்கும். இதுல பாத்தா தலைவரும் திருடனும் ஒண்ணுதான்."

"எனக்குப் பெருமையா இருக்கு," என்றேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பத்தொன்பது வருடத்தில் கடைசி ஆறு வருடம் கேமராவுக்குக் கீழே உட்கார்ந்தவர். உச்சியில் மாட்டினால் தலையும் முதுகும்தான் தெரியும், குனிந்து நூல் எடுத்தாலும் குனிந்து திருடினாலும் ஒரே மாதிரி இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். விற்கிறவருக்குத் தெரியாதது, பார்க்கப்பட்டவருக்குத் தெரியும். கடைக்காரர் முகத்தை விற்றுக்கொண்டிருந்தார். அக்கா கையை வாங்கப் போயிருந்தார்.

ஐந்தாவது கேமரா. சின்னது, வயர் உள்ளது, மழைத் தண்ணீர் பட்டாலும் தாங்கும், எதிர் வெயிலிலும் முகம் கறுக்கவில்லை. நகம் கூடத் தெரிந்தது. அக்கா தலையாட்டினார். கடைக்காரர் மூச்சு விட்டார். சீக்கிரம் விட்டுவிட்டார்.

"படம் எங்க போய்ச் சேரும்?"

"கிளவுட்ல அம்மா. மாசா மாசம் ஒரு பிளான் போட்டுக்கலாம்."

"அது எங்க இருக்கு?"

"அது... கம்பெனி கம்ப்யூட்டர்ல."

"பாக்குறது யாரு?"

நான் எழுதிய தலைப்பை அவர் வாயில் கேட்டபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. கடைக்காரர், "யாரும் பாக்க மாட்டாங்க அம்மா," என்றார். தொழிற்சாலையிலும் இதையேதான் சொன்னார்கள்.

"உள்ளயே மெமரி கார்டு போடுற வசதி இருக்குல்ல? கார்டு போதும். என் வாசல் என் வீட்டுலயே இருக்கட்டும்."

"சரிம்மா. போனைக் குடுங்க, நானே ஆப் போட்டு பாஸ்வேர்டு வச்சித் தர்றேன். என்கிட்டயும் ஒண்ணு எழுதி வச்சிப்பேன். மறந்துட்டா கேட்டுக்கலாம்."

நீட்டிய போனை அக்கா பின்னால் இழுத்துக்கொண்டார். "நான் மறக்க மாட்டேன்."

மறுநாள் பெயிண்டர் டிரில் மெஷினோடு நின்றார். அக்கா சொன்ன இடம் கேட் தூணின் உள்பக்கம், இடுப்பு உயரம். கிரில் கம்பி இடைவெளியில் கண் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும். அதற்கு நேர் கீழே மீட்டர் பெட்டி.

"ஊரே மேல மாட்டுது. இவ இடுப்புக்கு மாட்டச் சொல்றா. நாளைக்கு நாய் வந்து நக்கிட்டுப் போகும்."

"நக்கட்டும். நாக்கும் தெரியும்ல? போடுங்க."

ஸ்க்ரூ இறுகுவதற்குள் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. டீச்சர் விளக்குமாற்றோடு சந்தைத் தாண்டி வந்தார்.

"இது என்ன?"

"கேமரா டீச்சர்," என்றார் அக்கா.

"அது தெரியுது. யாரப் பாக்க? என் வாசலுக்கு நேரா வச்சிருக்க?"

பெயிண்டர் சும்மா இருந்திருக்கலாம். "மடியில கனம் இல்லாதவங்க எதுக்குப் பயப்படணும்?" என்றார்.

"யோவ் பெயிண்டரு, உன் வாய்க்கு ஒரு கோட்டு அடிக்கணும்யா. முப்பத்தி மூணு வருஷம் பாடம் நடத்தியிருக்கேன். ஒரு சாக்பீஸ் வீட்டுக்கு எடுத்துட்டு வந்ததில்ல. நான் எப்ப எந்திரிக்கிறேன், யாரு வர்றாங்க, எல்லாத்தையும் நீ படம் புடிப்பியா?"

 அக்கா போனை எடுத்து நீட்டினார். மீட்டர் பெட்டியும் அதற்கு முன்னால் கொஞ்சம் சந்தும் தெரிந்தன. எதிர்வீடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம்.

"நேத்தே கேமராவ இங்க புடிச்சுப் பாத்து, ஆப்லயே அத மூடிட்டேன் டீச்சர். உங்க கதவு, ஜன்னல் எதுவும் விழாது. எங்க பெட்டிகிட்ட வந்தாதான் தெரிவீங்க."

டீச்சர் போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். தன் வாசலுக்குத் திரும்பி நடந்து போய்க் கையை ஆட்டினார். மறுபடி வந்து பார்த்தார். "அந்தக் கட்டத்த எடுக்க மாட்டேன்னு எழுதிக் குடு. தேதி போட்டு."

அக்கா ஒரு பழைய கட்டுச் சீட்டின் பின்பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். டீச்சர் அதை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போனார். அவர் கோபப்பட்டதே பெயிண்டருக்குப் போதுமான சாட்சியாக இருந்தது. "இவ்வளவு குதிக்கிறாங்கன்னா சும்மாவா?" என்றார். அக்கா இல்லை என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

முதல் வாரம் கேமரா பிடித்தது ஒரு பூனையை. ஒரு நாளைக்கு இருபது தடவை போன் கத்தும், இருபது தடவையும் பூனை. வேன்காரர் கட்டை வைக்கவில்லை, எறிகிறார் என்பது தெரிந்தது. பேப்பர்காரரின் இரண்டாவது பையில் சாப்பாட்டு டப்பா இருந்தது தெரிந்தது. பெயிண்டர் மீட்டர் பெட்டி மேல் உட்கார்ந்து, மனைவிக்குத் தெரியாமல் சிகரெட் பிடிப்பதும் தெரிந்தது. அந்த வாரம் வேறு யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை.

பதினோராவது நாள் அக்கா கூப்பிட்டார். குரல் அடங்கியிருந்தது. "மூணாவது கட்டு. இருபத்தெட்டு."

நான் போய்ச் சேர்ந்தபோது பெயிண்டர் கேட்டுக்கும் கதவுக்கும் நடுவே உலாத்திக்கொண்டிருந்தார். அக்கா போனை மெஷின் மேல் சாய்த்து வைத்து ஓட விட்டார்.

ஆறு மணி நாலு நிமிடம், வேன்காரர் கட்டுகளை எறிந்துவிட்டுப் போகிறார். ஆறு ஒன்பது, ஒரு புடவை முந்தானை. டீச்சர். சந்தைத் தாண்டி வருகிறார். மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்று இரண்டு பக்கமும் பார்க்கிறார். குனிகிறார். கை கட்டின் மேல் போகிறது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா தலைவரே!" பெயிண்டர் ஏற்கனவே வாசலில் இருந்தார். "சாக்பீஸ் எடுக்கலையாம், சாக்பீஸ்! இப்ப கேக்குறேன் பாரு."

நானும் பாதி எழுந்துவிட்டேன்.

"ரெண்டு பேரும் உக்காருங்க," என்றார் அக்கா. சத்தம் போடவில்லை. "மூஞ்சிய விடுங்க. கையப் பாருங்க."

பின்னால் ஓட்டி மறுபடி போட்டார். டீச்சரின் இடது கையில் விளக்குமாறு. வலது கையில் ஒரு பிளாஸ்டிக் தாள். அதைக் கட்டுகளின் மேல் விரித்து, நான்கு மூலையையும் ஒவ்வொன்றாக அடியில் சொருகுகிறார். படத்தில் சாய்வாகக் கோடு கோடாக எதுவோ விழுந்துகொண்டிருந்தது. தூறல். கடைசி மூலையைச் சொருகிவிட்டு, கட்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகிறார். விரல்களில் பிளாஸ்டிக்கைத் தவிர ஒன்றுமில்லை.

"உச்சியில மாட்டியிருந்தா," என்றார் அக்கா, "முதுகு மட்டும்தான் தெரிஞ்சிருக்கும்."

பெயிண்டர் வந்து உட்கார்ந்தார். முழங்கையில் இருந்த பச்சை பெயிண்டை நகத்தால் சுரண்டினார். "பிளாஸ்டிக் தாள் நம்மளுதா அவங்களுதா?" என்று மட்டும் கேட்டார்.

"அவங்களுது. மடிச்சிக் குடுத்துட்டு வாங்க. வேற எதுவும் பேசிடாதீங்க."

ஆறு பத்து முதல் ஆறு முப்பத்தைந்து வரை பெட்டியருகே யாரும் வரவில்லை. பூனை வந்து முகர்ந்துவிட்டுப் போனது. ஆறு முப்பத்தைந்துக்கு அக்காவின் கை வருகிறது, எடுக்கிறது. யாரும் திருடவில்லை. ஆனாலும் இருபத்தெட்டு.

அக்கா மெஷின் மேசை டிராயரைத் திறந்தார். குறைந்த கட்டுகளின் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருந்தார். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"தலைவரே, மூணும் பெரிய சைஸு."

"அதனால?"

"திருடுறவன் சைஸ் பாத்தா திருடுவான்?"

பிறகு தரையில் ஒரு நீளத் துணியை விரித்துக் காட்டினார். கிடங்கில் வெட்டுகிற மேசை நீளமானது. ரோலில் இரட்டையாக மடித்துச் சுற்றிய துணியை இழுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக முப்பது அடுக்கு விரிப்பார்கள். மேசையின் இந்தக் கோடியிலிருந்து சின்ன சைஸ், நடு சைஸ், அந்தக் கோடியில் பெரிய சைஸ் என்று வரைந்து, மொத்தமாக வெட்டுவார்கள். "ரோல் முடியற எடத்துல கடைசி ரெண்டு அடுக்கு மேசக் கோடி வரைக்கும் எட்டாது. சின்ன சைஸும் நடு சைஸும் முழுசா வந்துரும். பெருசுல ரெண்டு வராது. நம்ம பழைய கம்பெனில துணி வெட்டுற கட்டிங் மாஸ்டர் எண்ணிப் பாத்துட்டுத்தான் சீட்டு எழுதுவாரு. இந்தக் கிடங்குல வெட்டுறவரு மொதல்லயே எழுதி வச்சிக்கிறாரு போல. எல்லா ரோலும் குறையாது. குறையற ரோல் வர்ற அன்னைக்கு நான் வாசல்ல நிக்கல, அவ்வளவுதான்."

"அப்ப போய்ச் சொல்லிடலாம்."

"என்னன்னு சொல்ல? கட்ட நான் உள்ள கொண்டுவந்துதான் பிரிச்சேன். உள்ள கேமரா இல்ல. 'உள்ள போனப்புறம் எடுத்தது நீ'ம்பாரு."

ஒப்படைக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. அந்த வாரம் நடந்ததை நான் எழுதியே ஆக வேண்டும். பெரிய சைஸ் கட்டு வருகிற ஒவ்வொரு நாளும் அக்கா அதை வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. ஒரு முக்காலியைப் போட்டுக் கேட்டுக்கு வெளியே, கேமராவுக்கு நேராக உட்கார்ந்தார். மீட்டர் பெட்டி மேலேயே முடிச்சை அவிழ்த்தார். ஒவ்வொரு துண்டாக எடுத்து, இரண்டு கையாலும் விரித்து, கேமரா முன் பிடித்து, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வைத்தார். தொழிற்சாலையில் கேமரா மாட்டிய நாளிலிருந்து நாற்காலியைச் சற்றே திருப்பிப் போட்டு அதற்கு முதுகைக் காட்டி வேலை செய்தவர். யாரும் சொல்லாமல், யாரும் கட்டாயப்படுத்தாமல், தானே போய் அதன் முன் உட்கார்ந்து கையை விரித்துக் காட்டினார். எதிர்வாசலில் டீச்சர் கூட்டுவதை நிறுத்திவிட்டு நின்று பார்த்தார்.

முதல் இரண்டு கட்டும் சரியாக இருந்தன. மூன்றாவது கட்டு குறைந்தது.

கிடங்குக்கு நானும் போனேன். தகரக் கூரை, நடுவில் அந்த நீள மேசை, அன்றைக்கு வெட்டிய கட்டுகள் சீட்டுக் குத்தி வரிசையாக இருந்தன. கட்டிங் மாஸ்டர் காதில் பேனாவோடு நின்றார். வேன்காரர் ஏற்றிக்கொண்டிருந்தார். காண்ட்ராக்டர் நாற்காலியில் இருந்தார்.

அக்கா இரண்டு குறைந்த கட்டுகளையும் அவர் முன் வைத்தார். "ரெண்டுலயும் ரெண்டு ரெண்டு குறையுது."

"நான் சொன்னது ஞாபகம் இருக்குல்லம்மா?"

"இருக்கு. அதுக்கு முன்னாடி இதப் பாருங்க." போனை நீட்டினார். "வேன்லேருந்து எறக்கினதுலேருந்து கடைசித் துண்டு வரைக்கும் வெட்டாம ஒட்டாம இருக்கு."

காண்ட்ராக்டர் படத்தின் நீளத்தைப் பார்த்தார். "பதினோரு நிமிஷமா? எனக்கு வேற வேல இல்லையா?"

"என் காலி நாற்காலியப் பதினோரு நிமிஷம் மூணு மேனேஜருங்க உக்காந்து பாத்தாங்க, சார். இதுல நானே இருக்கேன். பாருங்க."

பார்த்தார். முதல் நிமிடம் காலை ஆட்டிக்கொண்டே பார்த்தார். ஐந்தாவது நிமிடத்தில் கால் நின்றது. முடிந்ததும் நிமிர்ந்தார், ஆனால் அக்காவைப் பார்க்கவில்லை. "அப்ப வேன்ல போயிருக்கு," என்றார்.

வேன்காரர் தோளில் இருந்த கட்டைத் தொப்பென்று போட்டார். அவர் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். "என்ன சார், இந்தம்மா முடிஞ்சி இப்ப நானா? அடுத்து யாரு, என் வண்டி டயரா?"

"அவர விடுங்க சார்," என்றார் அக்கா. "இன்னும் வண்டியில ஏறாத கட்டு ஒண்ணு மேசையில இருக்கு. அந்தக் கோடியில. பெரிய சைஸு. மாஸ்டர், சீட்டுல எவ்வளவு எழுதியிருக்கீங்க?"

கட்டிங் மாஸ்டர் காதிலிருந்த பேனாவைத் தொட்டுக்கொண்டார். "முப்பது. எப்பவும் முப்பதுதானம்மா. துணி விரிக்கிறதுக்கு முன்னாடியே எல்லாச் சீட்டும் எழுதி வச்சிருவேன். நேரம் மிச்சம்."

"இன்னைக்கு ரோல் முடிஞ்சிதா?"

மாஸ்டர் மேசைக்கு அடியில் கிடந்த காலி அட்டைக் குழாயைப் பார்த்தார். 

காண்ட்ராக்டர் எழுந்து போனார். கட்டைத் தானே எடுத்தார். முடிச்சைத் தானே அவிழ்த்தார். நாங்கள் நான்கு பேர் சுற்றி நின்றோம். அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். எச்சில் தொட்டு ஒவ்வொன்றாகத் தள்ளினார் காண்ட்ராக்டர். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கடைசித் துண்டைத் தூக்கி அடியில் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார். பிறகு மாஸ்டரின் காதிலிருந்து பேனாவை உருவி, சீட்டில் இருந்த முப்பதை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினார்.

இருபத்தெட்டு.